வீட்டு ரத்த அழுத்தக் கருவியும் எடைக் கருவியும்: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கும்பகோணத்தில் ஒரு மருந்துக் கடையில், இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் விலை கொடுத்து, மேற்கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் மின்னணு ரத்த அழுத்தக் கருவி ஒன்றை அம்மாவுக்காக வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை நோய் பதினான்கு ஆண்டுகளாக உண்டு; ரத்தக் கொதிப்பு அதற்கும் முந்தையது. கருவி வாங்கிய நான்காம் மாதத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. அதன் பிறகு இதயத் தளர்ச்சியோடு, அதாவது இதயம் ரத்தத்தைப் போதிய வலுவோடு இறைக்க முடியாத நிலையோடு, வாழ்ந்துவருகிறார். ஆகவே ஒரே வீட்டில், ஒரே நோயாளியிடம், நோயின் மூன்று கட்டங்களிலும் இந்தக் கருவி எவ்வளவு உதவியது, எங்கே எங்களைக் கைவிட்டது என்பதைக் கூற முடியும் என்று நினைக்கிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறக்குறைய இதே அமைப்பில் பல நிறுவனங்களின் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. நான் எழுதும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அவை அனைத்துக்கும் பொருந்தும்.

முதலில் கருவி அளக்கும் விதத்தைப் பற்றி. மருத்துவர் காதில் குழலை வைத்துக்கொண்டு கேட்கும் ஒலிகளை 1905-இல் விவரித்தவர் கொரோட்கோவ் என்னும் ரஷ்ய அறுவை மருத்துவர். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை அந்த ஒலிகளைக் கேட்பதில்லை. பட்டையில் காற்றை நிரப்பி, மெல்ல இறக்கும்போது, நாடித் துடிப்பால் பட்டைக்குள் உண்டாகும் சிறு அதிர்வுகளை அளந்து, அவற்றிலிருந்து மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் கணக்கிடுகின்றன. கை அசைந்தாலும், பேசினாலும், நாடி ஒழுங்கற்றுத் துடித்தாலும் அந்தக் கணக்கு பிசகும். இதை அறியாமல்தான் முதல் இரண்டு வாரமும் நாங்கள் கருவியைக் குறை கூறிக்கொண்டிருந்தோம்.

உண்மையான குறை பட்டையில் இருந்தது. பெட்டியில் வந்த பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைகளுக்கானது. அம்மாவின் மேற்கை 34 சென்டிமீட்டர். கடையில் யாரும் அளந்து பார்க்கச் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் மாதந்தோறும் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர்தான் ஒரு நாள் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, பட்டை ஓரத்தில் அச்சிட்டிருந்த எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்பதைச் சுட்டிக்காட்டினார். கைக்குச் சிறியதான பட்டை, உள்ளதைவிட அழுத்தத்தைக் கூட்டியே காட்டும். பெரிய பட்டையைத் தனியாக வரவழைத்து அளந்தபோது மேல் எண் சராசரியாக ஏழெட்டுப் புள்ளி குறைந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்விலும், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைச் சுற்றியபோது மேல் அழுத்தம் சராசரியாக ஐந்து புள்ளி அளவுக்கும், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு இருபது புள்ளி அளவுக்கும் கூடிக் காட்டியதாகக் கண்டறிந்தார்கள். இருபது புள்ளி என்பது தேவையில்லாத இன்னொரு மாத்திரையைத் தொடங்கிவிடப் போதுமான வேறுபாடு. எனவே கருவியின் மற்ற வசதிகளைப் பார்ப்பதற்கு முன், தையற்காரரின் நாடாவால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குச் செல்லும்படி வேண்டுகிறேன்.

அளக்கும் முறையில் எங்கள் வீட்டுத் தவறுகள் எல்லா வீட்டிலும் நடப்பவை. கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதைப் பற்றிப் பேசியபடியே அம்மா அளந்துகொள்வார். கை இதய மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் ஏழெட்டுப் புள்ளி கூடும் என்பது நீர்மட்டத்தின் எளிய கணக்கு. இப்போது சாய்மானம் உள்ள நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் பதித்து, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகே பொத்தானை அழுத்துகிறோம். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி குடிப்பதில்லை. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவதும் இல்லை. காலையில் மாத்திரைக்கு முன் இரு முறை, இரவு படுக்கும் முன் இரு முறை. மருத்துவரைப் பார்க்கப் போகும் முந்தைய ஏழு நாட்களுக்கு மட்டும் இப்படி அளந்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்துச் செல்கிறோம். மருத்துவமனையில் 140/90 என்பது உயர் ரத்த அழுத்தத்தின் எல்லை என்றால், வீட்டு அளவுக்கு அந்த எல்லை 135/85. இந்த வேறுபாடு தெரியாமல், வீட்டில் 138 வந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்த வாரங்களும் எங்களுக்கு உண்டு.

இனி எழுத வேண்டியது, இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய இரவைப் பற்றி. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், இரவு உணவுக்குப் பின் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். குளிர் காற்று வீசிக்கொண்டிருந்த வேளையில் அவருடைய ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. மேல்வயிற்றில் கனமாக இருக்கிறது, தாடை வலிக்கிறது, வாந்தி வருவதுபோல இருக்கிறது என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். "நெஞ்செல்லாம் ஒண்ணுமில்லப்பா, வாய்வுதான்" என்றார். உடனே கருவியை எடுத்து வந்து அளந்தேன். 132/78, நாடி 88. அந்த எண்கள் எனக்கு அளித்த நிம்மதியை இன்றும் மறக்க முடியவில்லை. அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். பிறகு பெருங்காயம் கலந்த மோர் கொடுத்தோம். அரை மணிக்கு ஒரு முறை அளந்தோம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே எண்கள். மூன்று மணி நேரம் கழிந்து, உதடு வெளுத்து, "மூச்சு முட்டுது" என்று அவர் எழுந்து உட்கார்ந்தபோதுதான் 108-ஐ அழைத்தோம். தஞ்சாவூரில் எடுத்த ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு உறுதியானது. இதயத்தின் முன்புறத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டிருந்தது. அன்றிரவே ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் இறந்துபோன தசை திரும்பவில்லை.

கருவி அன்று பொய் சொல்லவில்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தன்னிடம் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலையே சொன்னது. நாங்கள்தான் வேறொரு கேள்விக்கான பதிலாக அதை எடுத்துக்கொண்டோம். மாரடைப்பு என்பது இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களில் ஒன்று அடைபடுவது. அடைபட்ட நேரத்தில் கையில் அளக்கும் ரத்த அழுத்தம் கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம், முற்றிலும் இயல்பாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தக் கருவியோ, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியோ மாரடைப்பு இல்லை என்று சொல்ல இயலாது. அதற்கு ஈ.சி.ஜி. வேண்டும், சில நேரங்களில் சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது ஈ.சி.ஜி.யும் இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதத்துக்கான பரிசோதனையும் வேண்டும். கருவியோடு வரும் கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டிய செய்தி இது. எங்கள் கையேட்டில் இது எங்கும் இல்லை. போதாததற்கு அந்தக் கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. தமிழ்நாட்டில் முதியவர்களுக்காக விற்கும் பொருளில் தமிழ் இல்லாதது பெரிய குறை.

நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சாயும் காட்சிகளையே பார்த்துப் பழகியதால், அப்படி வந்தால்தான் மாரடைப்பு என்று நாங்களும் நம்பியிருந்தோம். நெஞ்சின் நடுவில் இறுக்கமாக, பாறாங்கல்லை வைத்ததுபோல் உணர்வதும், அது இடக்கைக்கோ இரு கைகளுக்குமோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவதும் பரவலாகக் காணப்படும் அறிகுறிகள்தாம். ஆனால் நீண்ட காலச் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால் வலி மிகவும் குறைவாகவோ, அறவே இல்லாமலோ போகலாம். பெண்களிடமும் முதியவர்களிடமும் காரணமில்லாத வியர்வை, குமட்டல், திடீர் அசதி, மேல்வயிற்றுக் கனம், மூச்சு வாங்குதல் ஆகியவையே முன்னால் வந்து நிற்பதும் உண்டு. அம்மாவிடம் இவற்றில் நான்கு இருந்தன. கேட்டுப் பார்த்தபோது, அதற்கு முந்தைய இரண்டு வாரமும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் தாடையில் ஒரு பிடிப்பு வந்து, நின்றால் விட்டுப்போனதாகச் சொன்னார். நடந்தால் வந்து, நின்றால் போகும் பிடிப்பு, அது நெஞ்சில் இருந்தாலும் தாடையில் இருந்தாலும் தொண்டையில் இருந்தாலும், குறுகிய குழாயின் முறையீடாக இருக்கலாம் என்பதை அன்று நாங்கள் அறியவில்லை. பல் வலி என்று நினைத்து லவங்கம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

இத்தகைய அறிகுறி வந்தால் இப்போது எங்கள் வீட்டில் முதலில் தொடும் பொருள் தொலைபேசி. 108-ஐ அழைத்த பிறகே மற்றவை. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாமா என்பதை அவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம்; ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கும் அது ஆகாது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை வைப்பதற்கு முன் மட்டும் கருவி உண்மையிலேயே பயன்படுகிறது. அந்த மாத்திரை அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் என்பதால், மேல் எண் 100-க்குக் கீழே இருந்தால் வைக்க வேண்டாம் என்றும், வைத்தால் உட்கார்ந்தபடியே வைக்க வேண்டும் என்றும் எங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளும் சேர்ந்து 14 மாத்திரைகள் முதல் தவணையாகக் கொடுத்து, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. எங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள நிலையம் எது, அது எந்த நேரம் வரை திறந்திருக்கும் என்பதைக் கருவியின் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது எக்கோ பரிசோதனையில் இதயத்தின் வெளியேற்றத் திறன், அதாவது இதயத்தின் கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படும் பங்கு, 38 சதவீதம் என்று இருந்தது. இயல்பாக அது 55 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் எழுநூறு ரூபாய்க்கு மின்னணு எடைக் கருவி ஒன்றை வாங்கினோம். அந்தச் சிறிய கண்ணாடிப் பலகையையே இந்த இரண்டரை ஆண்டில் நாங்கள் செய்த செலவுகளில் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன். இதயம் தளரும்போது உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன. அந்த நீர் காலில் வீக்கமாகத் தெரிவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும். நம்முடைய உடல் ஒரு நாளில் ஒரு கிலோ கொழுப்பைச் சேர்ப்பதில்லை; ஒரு நாளில் ஒரு கிலோ கூடினால் அது பெரும்பாலும் நீர். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் உண்பதற்கு முன், ஏறத்தாழ ஒரே எடையுள்ள உடையோடு அம்மா அதன்மேல் ஏறி நிற்கிறார். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாட்களில் இரண்டு கிலோவோ கூடினால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. எடைக் கருவியைச் சமமான சிமெண்டுத் தரையில், தினமும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். பாயின்மேலோ விரிப்பின்மேலோ வைத்தால் எண் மாறும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அது தன் விலைக்குப் பல மடங்கு உழைத்தது. 61.2 கிலோவாக இருந்த எடை, மறுநாள் 62.0 ஆகவும் அதற்கு அடுத்த நாள் 62.7 ஆகவும் மூன்றாம் நாள் 63.4 ஆகவும் ஏறியது. ரத்த அழுத்தம் சிறிதே கூடியிருந்தது. அம்மா தமக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் ஒரு தலையணையில் படுப்பவர் இரண்டாவது தலையணையை எடுத்து வைத்துக்கொண்டதை அப்பா கவனித்திருந்தார். தட்டையாகப் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்பதன் அடையாளம் அது. கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தபோது குழி விழுந்து, மெல்லத்தான் நிரம்பியது. கொலுசின் தடமும் வழக்கத்தைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. மருத்துவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்பது. மூட்டு வலிக்காகப் பக்கத்து வீட்டுப் பெண்மணி கொடுத்த வலி மாத்திரையை நான்கு நாட்களாகச் சாப்பிட்டிருக்கிறார். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி, நீர் பிரிவதற்கான மாத்திரையின் வேலையையும் கெடுக்கக்கூடியவை. இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது. மாத்திரையை நிறுத்தி, நீர் மாத்திரையின் அளவை மருத்துவர் சில நாட்களுக்குக் கூட்டியதில், ஆறாம் நாள் எடை 61.4-க்கு வந்தது. எடை பார்க்கும் பழக்கம் இல்லையென்றால், நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்த பிறகே எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உணவைப் பற்றியும் எடைக் கருவிதான் எங்களுக்குப் பாடம் சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சமையலில் குறைத்துவிட்டோம் என்று நிறைவாக இருந்தோம். ஆனால் அப்பளமும் மோர் மிளகாயும் எலுமிச்சை ஊறுகாயும் சேர்ந்த விருந்துச் சாப்பாட்டுக்கு மறுநாள் அரை கிலோ கூடுவதை மூன்று முறை கண்ட பிறகே அம்மா ஊறுகாய் ஜாடியைத் தாமாக ஒதுக்கினார். இந்துப்புக்கு மாறினால் போதும் என்று பலர் அறிவுரை சொன்னார்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. இதயத்துக்கான சில மாத்திரைகளோடும் சிறுநீரகக் கோளாறோடும் அது சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

ரத்த அழுத்தக் கருவிக்கே மீண்டும் வருகிறேன். மாரடைப்புக்குப் பின் அதன் பயன் நாங்கள் எதிர்பாராத திசையில் கூடியது. இப்போதைய கவலை அழுத்தம் ஏறுவதல்ல, இறங்குவது. சித்திரை வெயிலில் அம்மா எழுந்து நிற்கும்போதெல்லாம் கண் இருட்டுகிறது என்றார். உட்கார்ந்து அளந்தால் 118/70. எழுந்து நின்ற இரண்டாம் நிமிடம் அளந்தால் 94/60. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அது பொருட்படுத்த வேண்டிய இறக்கம். வியர்வையில் வெளியேறிய நீரோடு நீர் மாத்திரையும் சேர்ந்ததே காரணம் என்று கண்டு, மருத்துவர் அளவைக் குறைத்தார். வயதானவர்கள் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிவதற்கு இது ஒரு காரணம் என்பதால், நின்று அளக்கும் முறையை எல்லா வீடுகளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

திரையில் சில நாட்கள் இதயக் குறி ஒன்று மின்னும். நாடி ஒழுங்கற்றிருக்கிறது என்பது அதன் பொருள். பட்டைக்கு அடியில் சேலைத் தலைப்பு சிக்கினாலும் கை அசைந்தாலும்கூட அது மின்னுவதால் நாங்கள் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. ஒரே வாரத்தில் ஐந்து முறை வந்ததும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம். அவ்வப்போது முந்திக்கொள்ளும் துடிப்புகள்தாம், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் மேலறை நடுக்கம் அல்ல என்றார்கள். மேலறை நடுக்கமாக இருந்திருந்தால் இதயத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடும். ஆகவே அந்தக் குறி நோயைக் கண்டுபிடிக்காது என்றாலும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டிய வேளையைச் சொல்லும். இந்த வசதிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நினைவகத்தில் 60 அளவுகள் தங்கும். ஆனால் இருவருக்கெனத் தனித்தனிப் பிரிவு இல்லாததால் அப்பாவின் எண்களும் அம்மாவின் எண்களும் கலந்துவிட்டன. மருத்துவரிடம் காட்டுவதற்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமே போதுமானதாக இருக்கிறது. தேதி, காலை எடை, அழுத்தம், தலையணை எண்ணிக்கை, கால் வீக்கம், மாத்திரை மாற்றம் ஆகியவற்றுக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். மின்கலம் வலுவிழந்தால் பட்டை பாதியில் இறங்கிப் பிழைக் குறி காட்டும். இரண்டாம் ஆண்டில் காற்றுக் குழாய் பட்டையோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டது. மாமா வாங்கிய மணிக்கட்டுக் கருவியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். மணிக்கட்டு சிறிது தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் அந்தக் கருவியின் எண் மாறிவிடுகிறது.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, கூடிய எண்ணைக் கண்டு பதறி, அந்தப் பதற்றத்தால் இன்னும் கூட்டிக்கொள்ளும் இயல்புள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அப்பாவுக்கு ஒரு மாதம் அப்படித்தான் ஆனது, கருவியை அலமாரியில் வைத்துப் பூட்ட நேர்ந்தது. 180/120-ஐத் தாண்டிய எண்ணோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மீண்டும் அளந்து, அப்போதும் அதே அளவு இருந்தால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட முடிந்தால், ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள வீட்டில் இந்தக் கருவி இருக்கலாம். இதயத் தளர்ச்சி உள்ள வீட்டில் எடைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்று இதயத் தளர்ச்சி நோயாளியின் வீட்டார் கேட்டால் எடைக் கருவியையே முதலில் வாங்கச் சொல்வேன். அழுத்தத்தைத் துணைச் சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ளலாம்.

கடையில் கருவியை வாங்கும்போதே, அந்த மாதிரிக்குத் தனிப் பட்டை கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பட்டைக்கு மாற்று வரப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் நோட்டுப் புத்தகத்தின் அழுத்தக் கட்டம் காலியாகவும் எடைக் கட்டம் நிரம்பியும் இருக்கின்றன.